மூட்டு வலிக்கு மாத்திரை மட்டும் போதுமா?

பஞ்சாலையில் ரிங் பிரேம் பார்க்கும் தொழிலாளியிடம் கேட்டால் தோள்பட்டை என்பார். நாற்று நடும் பெண்ணிடம் கேட்டால் இடுப்பு என்பார். மூட்டை சுமப்பவரைக் கேட்கவே வேண்டாம். அவர் படி இறங்குவதைப் பார்த்தாலே போதும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: "வயசாச்சுல்ல!" நாற்பது வயதுகூட நிறையாதவரைப் பார்த்துச் சொல்லும் பதில் இது. அதே வயதில் மில் நிர்வாகி பந்து விளையாடப் போகிறார். தேய்ந்தது வயதால் அல்ல, வேலையால் என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வலி வந்ததும் நம்மவர்கள் செய்வது என்ன? கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். வலி அடங்குகிறது. மறுநாள் மறுபடியும் இரண்டு. மாதக்கணக்கில் இப்படி விழுங்கினால் இரைப்பை புண்ணாகிறது, சிறுநீரகம் கெடுகிறது. மூட்டு மட்டும் இருந்தபடியேதான் இருக்கிறது. மாத்திரையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு அது வேண்டியதுதான். எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுவதையும் நாம் பழிக்கவில்லை. இதமாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் இவற்றால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. நலிந்த தசைக்கு மீண்டும் பலம் ஏற்றுவதுதான் அது. அந்தக் காரியத்துக்குத்தான் இயன்முறை மருத்துவம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "பிசியோ" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம. எலும்பின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டும்போது மூட்டுக்குள் இருக்கும் நீர் அதற்குள் ஊறிப் பிழிந்து உணவு கொடுக்கிறது. வலிக்கிறதென்று காலை அசைக்காமலே வைத்தால் அதற்குப் பட்டினி. அத்துடன் தொடையின் முன்பக்கத் தசை சூம்பிவிடுகிறது. அந்தத் தசைதான் உடம்பின் பாரத்தை மூட்டுக்கு முன்னால் நின்று வாங்குவது. அது தளர்ந்தால் முழுப் பாரமும் மூட்டின் மேல் விழுகிறது, வலி கூடுகிறது, வலி கூடுவதால் இன்னும் அசைப்பதில்லை. இந்தச் சுழலை உடைப்பதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். பத்துத் தடவை, பிறகு அடுத்த கால். தினமும் செய்தால் சில வாரங்களில் மாறுதல் தெரியும். முதலில் கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அந்த வலி தணிந்துவிட்டால் பயமில்லை. வீங்கினாலோ, முன்னைவிட அதிகமானாலோ குறைத்துக்கொண்டு, கற்றவரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பு வலிக்கும் இதே நியாயம்தான். ஒரு காலத்தில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இன்று மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு எழுந்து நடமாடுகிறவர்தான் சீக்கிரம் தேறுகிறார். ஆனால் காலில் பலம் குறைந்தாலும், தொடை இடுக்கு மரத்துப் போனாலும், சிறுநீர் கழிக்கச் சிரமமானாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காயம்பட்டவர்களின் கதை இன்னும் வேதனையானது. நமக்குத் தெரிந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளி, கார்டிங் பகுதியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. படமெடுத்துப் பார்த்த மருத்துவர் திருப்தியோடு அனுப்பிவிட்டார். ஆனால் அந்த ஆறு வாரமும் அவர் கையைத் தூளியில் தொங்கவிட்டு நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தார். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை அசை, தோளைத் தினமும் மேலே தூக்கு என்று அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டும் திரும்பவில்லை, அடிபடாத தோளும் தூக்கவில்லை. அறுந்த நூலை எட்டிப் பிணைக்க முடியாத கை எங்களுக்கு எதற்கு என்றது நிர்வாகம். எலும்பு முறிந்ததால் போகாத வேலை, அதற்குப் பின் அசைத்துவிட ஆளில்லாததால் போயிற்று! பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கட்டானாலும் சரி, விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, தாங்க முடியாத வலி எடுத்தாலோ அது இறுகிய கட்டு. உடனே பிரித்தாக வேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று இரவைக் கழித்துக் கையையே இழந்தவர்கள் உண்டு.

இந்த மருத்துவம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் அறுவை சிகிச்சைகள் செய்தார். அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966ல் அங்கே அதற்கென ஒரு நிலையமே எழுந்தது. அறிவும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி. கிரிக்கெட் வீரர் சுளுக்கினால் மைதானத்துக்குள்ளேயே பிசியோ ஓடி வருகிறார்!

1952ல் கான்பூரிலும் டில்லியிலும் துவங்கி 1955ல் கோவைக்கு வந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் யாருடைய தர்மமும் அல்ல. 2019 ஜூலை முதல் கூலியில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமிருந்தும் 3.25 சதவீதம் முதலாளியிடமிருந்தும் என்று கணக்கிட்டுப் பிடிக்கப்படும் பணம் அது. வேலையில் காயம்பட்டு ஊனம் தொடரும் வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் பெறும் பாத்தியதை தொழிலாளிக்கு உண்டு. ஆகவே விபத்து நடந்த அன்றே அதை விபத்துப் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். "ஆஸ்பத்திரிச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், எழுத வேண்டாம்" என்று மேஸ்திரி கெஞ்சினாலும் விடாதீர்கள். கட்டுப் பிரித்ததும் மருத்துவரிடம் பிசியோ சிகிச்சைக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் துவக்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். உங்கள் சேரிக்கும் குடியிருப்புக்கும் அந்த ஊழியர் வருகிறாரா, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார் என்று சங்கக் கிளைகள் விசாரித்துக் குறித்து வைக்க வேண்டும். வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தேறிய இடுப்பை மறுபடியும் அதே வேலையில் அதே விதமாக வளைத்தால் தேறியதற்கு அர்த்தமென்ன? அமெரிக்காவில் கலிபோர்னியா வயல்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தியைக் கொடுத்து நாள் முழுதும் குனிய வைத்தார்கள். நீண்ட பிடி போட்டால் பயிர் கெடும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். முதுகெலும்பு கெடுவதை மருத்துவர்கள் சாட்சியாகச் சொன்னார்கள், தொழிலாளர்கள் போராடினார்கள், 1975ல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. பயிர் கெடவில்லை!

பஞ்சாலைப் பகுதிகளில் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் தோறும் பிசியோ ஊழியர் வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு மாலையிலும் சிகிச்சை நடக்க வேண்டும். தேறி வருகிறவருக்கு முதல் சில வாரங்கள் கூலி குறையாமல் இலேசான வேலை தர வேண்டும். களையெடுப்புக்கு நிமிர்ந்து நின்று தள்ளும் கருவிகள் சர்க்கார் செலவில் கிராமத்துக்கு வர வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி, போனஸ் பேசி முடித்த கையோடு, வலியோடு வேலைக்கு வருகிறவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதத் துவங்குங்கள்.