அவசர மருத்துவம் பயில எந்தக் கல்லூரி?

முதுநிலைக் கலந்தாய்வில் எம்.டி. அவசர மருத்துவம் எடுக்க நினைக்கும் இளம் மருத்துவர்கள் முதலில் விசாரிப்பது கல்லூரியின் பெயர், உதவித்தொகை, நோயாளிகளின் கூட்டம். கூட்டம் இருந்தால் கைப்பழக்கம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் மருத்துவக் கல்வியில் ஊறிப்போனது. அதில் பாதிதான் உண்மை.

பூச்சிமருந்து குடித்து வருபவரை எடுத்துக்கொள்வோம். ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் என்றால் அட்ரோபின் போட வேண்டும் என்பது எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் தெரியும். எவ்வளவு போடுவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். சளியின் இரைச்சல் அடங்கவில்லையா, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டவில்லையா, அடுத்த ஊசி இரண்டு மடங்கு. கண்பாவை விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்தினால் நுரையீரல் நனைந்தபடியே இருக்கும். அளவு மீறினால் நோயாளி பிதற்றுவார், உடல் கொதிக்கும், குடல் அசைவு நின்றுவிடும். இதைப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும். நூறு பேரைத் தனியாகப் பார்த்த முதலாண்டு மாணவர், முதல் தவறையே நூறு முறை செய்திருக்கவும் கூடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் உதவிப் பேராசிரியர் யார்? 'போன் செய்தால் வருவார்' என்பது பதிலாகாது.

இந்தியாவில் இத்துறை தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். அதனால் பல இடங்களில் இது இன்னும் பழைய கேஷுவாலிட்டியாகவே நடக்கிறது. பதிவேட்டில் எழுதி மெடிசினுக்கோ சர்ஜரிக்கோ ஆர்த்தோவுக்கோ அனுப்பிவிடும் வாசல். மூச்சுக்குழாய்க்கு ட்யூப் போட மயக்க மருத்துவரை அழைத்து, நெஞ்சு ட்யூபுக்கு சர்ஜரியை அழைத்து மூன்று ஆண்டுகள் கழிந்தால் மாணவர் கையில் என்ன மிஞ்சும்? அல்ட்ராசவுண்ட் கருவி படுக்கையருகே இருக்கிறதா, பூட்டிய அறையிலா என்பதையும் நேரில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-இல் வந்தது. நோயாளியை வாசல்வரை கொண்டுவரும் ஏற்பாடு வளர்ந்துவிட்டது. வாசலில் வாங்கிக்கொள்ளும் கைகளுக்கும் அதே அளவு பயிற்சி வேண்டாமா?

பணி நேரமும் முக்கியம். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி மருத்துவரிடம் வேலை வாங்கக் கூடாது என்று 1992-இலேயே மத்திய அரசு வழிகாட்டியது. அவசரப் பிரிவில் ஷிப்ட் முறை இயல்பாகப் பொருந்தும். அங்கேயே 36 மணி நேர டியூட்டி என்றால் அந்தத் துறையை நடத்துபவர்களுக்குத் துறையே புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுக் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறதா, அதில் மாணவரைத் திட்டுகிறார்களா, சிகிச்சையை அலசுகிறார்களா? இதை இரண்டாமாண்டு மாணவர்களிடம், பேராசிரியர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். கலந்தாய்வுக்கு முன் விவரக் குறிப்பில் இடங்களும் கட்டணமும் வெளியிடப்படுகின்றன. ஒவ்வொரு கல்லூரியும் தன் அவசரப் பிரிவின் ஆசிரியர் இரவுப் பணிப் பட்டியலையும் அதனுடன் வெளியிட வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் உத்தரவிடலாம். அதற்குப் புதிய கட்டடமோ நிதியோ தேவையில்லை.