நிரல் எங்கே ஓடப்போகிறது?

பொறியியல் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் கிடைத்த மாத்திரத்தில் மடிக்கணினி வாங்கும் யோசனை வீட்டில் ஆரம்பமாகிறது. விண்டோஸா, ஆப்பிளின் மேக்கா, லினக்ஸா என்ற விவாதத்தில் விலையைப் பற்றியும் அழகைப் பற்றியும் சிநேகிதர்கள் வாங்கியதைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசுகிறவர்கள், அந்தப் பிள்ளை எழுதப்போகும் நிரல் கடைசியில் எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது என்று மட்டும் விசாரிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில், முதலாவதாகக் கேட்க வேண்டியது அதுதான்.

இணையத்தின் பின்புறத்தில் இரவும் பகலும் உழைக்கும் சர்வர்களில் பெரும்பான்மையானவை லினக்ஸில் இயங்குகின்றன. உலகின் அதிவேகக் கணினிகள் என்று பட்டியலிடப்படும் 500-ம் 2017 நவம்பர் முதல் லினக்ஸையே கொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, விண்டோஸில் எழுதிச் சோதித்து லினக்ஸ் சர்வரில் கொண்டுபோய் வைக்கும் மாணவன், தன் தர்க்கத்தில் யாதொரு குற்றமும் இல்லாதிருந்தும் நிரல் ஓட மறுப்பதைக் கண்டு திகைக்கிறான். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது என்று விண்டோஸ் சாதாரணமாகப் பொருட்படுத்துவதில்லை; லினக்ஸோ அவ்விரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே பாவிக்கிறது. வரி முடிந்தது என்பதைக் குறிக்க விண்டோஸ் இரண்டு குறிகளை இடுகிறது, லினக்ஸுக்கு ஒன்றே போதும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறி அதிகமாக வந்துவிட்டதாலேயே ஓடாமல் நின்றுபோகும் ஷெல் ஸ்கிரிப்டுகள் உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கர்வப்பட வேண்டாம். எழுத்துப் பேதம் பாராட்டாத குணம் அதன் வழக்கமான அமைப்பிலும் இருக்கிறது.

ஆயினும் மேக் லினக்ஸுக்கு அந்நியமன்று. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வம்சத்தில் வந்தது அது. 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ் அதற்குப் பங்காளி முறை. கட்டளைகள் பெரும்பாலும் பொருந்திப் போகும். ஐபோன் செயலி எழுதுவதே லட்சியமானால் அதற்குரிய எக்ஸ்கோடு என்ற கருவி மேக்கில் மட்டுமே ஓடுவதால் வேறு மார்க்கமில்லை. இல்லையேல் கடன் வாங்கி மேக் வாங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

விண்டோஸை அடியோடு தள்ளவேண்டும் என்பதும் என் பக்ஷமன்று. விண்டோஸ் பயனர்களுக்காகவே கணக்கு மென்பொருளோ விளையாட்டோ எழுதுகிறவனுக்கு அதுவே உசிதம். மைக்ரோசாப்ட்டே 2016-ல் விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகள் ஓட வழிசெய்து, 2019-ல் லினக்ஸின் மையப்பகுதியான அசல் கெர்னலையே உள்ளே கொணர்ந்தது. போட்டியாளரே தன் வீட்டில் இடம்கொடுத்த பிறகும், நம் கல்லூரிகள் லினக்ஸை நிபுணர்களின் பிரத்தியேக சொத்தாகப் பாவிப்பது விசித்திரம்தான். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆசிரியர் அதில் ஒரு பாடமாவது நடத்தியிருந்தால் அந்த ஏற்பாடு சார்த்தகமாகியிருக்கும்.

லினக்ஸில் குறை இல்லாமலில்லை. சில வைஃபை சில்லுகள் அதனுடன் ஒத்துழைப்பதில்லை. கல்லூரி கட்டாயமாக்கும் சில மென்பொருள்கள் அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்து, அடுத்த பதிப்புக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அப்படி ஒன்று இருக்குமானால், புதியதற்குப் பணம் புரட்டுமுன், லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வட்டில் உள்ளதை அழிக்காமலே அதிலிருந்து ஓடவிட்டு, வைஃபையும் ஒலியும் விசைப்பலகையும் சரிவர வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலைப் பொழுதில் பரீட்சித்துப் பார்த்துவிடலாம்.