பூச்சி தின்னும் செடியைப் பிடுங்கி வரலாமா?



அறிவியல் கண்காட்சிக்குக் கண்ணாடித் தொட்டியில் பூச்சி தின்னும் செடி வளர்த்து வைக்கலாம் என்று எங்கள் வகுப்பில் ஒரே பேச்சு. பழைய மீன் தொட்டி கூட ரெடி. "ஏற்காட்டுல இருக்குதாம், போறவங்ககிட்ட சொன்னா ஒண்ணு பிடுங்கிட்டு வந்துடுவாங்க" என்கிறார்கள். பிடுங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் வைத்திருப்பது நெப்பந்தஸ் காசியானா என்ற குடுவைச் செடி. அது அந்த மலையில் தானாக முளைத்ததில்லை. அதன் சொந்த ஊர் மேகாலயாவின் காசி, காரோ, ஜயந்தியா மலைகள். இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இது ஒன்றுதான். இலை நுனி மூடி போட்ட குடுவை மாதிரி ஆகிவிடும். வழுக்கி உள்ளே விழுந்த எறும்பு மேலே ஏற முடியாது; உள்ளே இருக்கிற தண்ணியே அதைச் செரித்துவிடும். காரோ மக்கள் இதை 'மேமாங் கோக்சி', அதாவது பேய்க்கூடை என்கிறார்கள். (எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சிருக்கு.) ஆட்கள் பிடுங்கியும் சுரங்கம் தோண்டியும் இது குறைந்துபோனது. இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. காட்டில் அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம்.

"அப்படின்னா நம்ம அழுகண்ணி இருக்கே?" என்று கேட்கலாம். டிரோசீராவைத்தான் சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்கிறார்கள். ஈர மணல் தரையில் காசு அகலத்துக்கு ஒட்டிக் கிடக்கும். இலையில் உள்ள முடி ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி கண்ணீர் மாதிரி நிற்கும். பெரும்பாலும் ஒரு பருவத்திலேயே பூத்து, விதை போட்டு, காய்ந்துபோகிற செடி அது. விதை விழும் முன்னே பிடுங்கினால் அடுத்த மழைக்கு எது முளைக்கும்?

நர்சரியில் வளர்த்த செடியைக் காசு கொடுத்து வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனா நம்ம ஊர்ல அது பிழைக்கணுமே! நைட்ரஜன் சத்து இல்லாத மண்ணில் வாழ்வதால்தான் இந்தச் செடிகள் பூச்சி பிடிக்கின்றன. பாவமே என்று சாணி எரு போட்டால் செத்துவிடும். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே நம் போர் தண்ணி, அந்த உப்பும் ஆகாது. மழைத்தண்ணிதான் வேண்டும். மூடிய கண்ணாடித் தொட்டியை நம்ம ஊர் வெயிலில் வைத்தால் உள்ளே இட்லிப் பானைதான். நிழலில் வைத்தாலோ அழுகண்ணிக்குப் பசைத்துளியே சரியாக வராது. அதனால் மேலே திறந்துவிட்டு, காலை வெயில் மட்டும் படும்படி வைக்கணும். கொசு ஒழியும் என்று யாரோ சொன்னார்கள். அதுக்குக் கொசுவத்தி வாங்கறதே மேல்.

ஆசிரியர்கள் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனால் பிடுங்காமலே பார்த்துவிடலாம். இல்லை, இங்கேயே வளர்க்கணும் என்றால் ஐப்பசி மழையில் தண்ணி பிடித்து மூடி வைக்கவும், மே மாத லீவில் தினமும் வந்து ஊற்றவும் ஆள் வேண்டும். வருகிறவர்கள் வகுப்புத் தலைவியிடம் பேர் கொடுங்கள். முதல் பேர் என்னுது. வேற யாரும் வரலைன்னா மீன் தொட்டியில் மீனே இருக்கட்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி