எஞ்சின் மாறுகிறதாம்!

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கால்பந்து வீடியோ கேம், தனது ‘ஃப்ராஸ்ட்பைட்’ எஞ்சினைக் கைவிட்டு ‘அன்ரியல்’ எஞ்சினுக்கு மாறப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புவதும் அடங்குவதுமாக இருக்கிறது. பந்து எப்படி உருள வேண்டும், வீரரின் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிடும் அடித்தள மென்பொருளே எஞ்சின். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். ‘மாற்றச் செலவு’ என்ற கருத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை.

ஃப்ராஸ்ட்பைட் அந்நிறுவனத்தின் சொந்தச் சொத்து. அதன் ஸ்வீடன் பிரிவான ‘டைஸ்’ உருவாக்கியது. 2016-இல் ஃபிஃபா 17, மறு ஆண்டு மேடன் 18, 2021-இல் என்ஹெச்எல் 22 என ஒவ்வொன்றாக அதற்குக் கொண்டுவரப்பட்டன. இதற்காகச் செலவிட்ட உழைப்பை உதறிவிட்டு, எபிக் கேம்ஸின் அன்ரியலுக்குப் போனால் உரிமத்தொகை செலுத்த வேண்டும். பொது விதிப்படி, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருவாயில் 5 சதவீதம். பெரிய நிறுவனம் பேரம் பேசிக் குறைக்கலாம். ஆனாலும் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குக் குடிபோவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

உண்மையாகவே மாறியவர்களின் கதையும் நம் முன் உள்ளது. ஜப்பானின் கொனாமி, தன் ஃபாக்ஸ் எஞ்சினை விட்டு அன்ரியலுக்கு மாறுவதை 2020 ஜூலையிலேயே அறிவித்தது. அந்த ஆண்டு புதிய கேம் வரவில்லை. பழையதையே புதுப்பித்துத் தந்தார்கள். இவ்வளவு அவகாசம் எடுத்தும், 2021 செப்டம்பர் 30-இல் வெளிவந்த ‘இஃபுட்பால்’ வீரர்களின் கோணல் முகங்களுக்காகக் கேலிக்குள்ளானது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ‘1.0’ பதிப்பு வந்து சேர மறு ஆண்டு ஏப்ரல் ஆகிவிட்டது. ஆண்டுதோறும் புதுப் பதிப்பு விற்றாக வேண்டிய தொழிலில் எஞ்சின் மாற்றம் ரகசியமாக நடப்பதில்லை.

நம் ஊர் நிலைமை சற்று வேறு. ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கியது. இத்தகைய கேம்களின் சந்தை விலை குறைந்த கைப்பேசிகளில்தான் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் கைப்பேசிகளைப் பார்த்தாலே இது விளங்கும். (சீசனில் கூழைக்கடாக்களைப் பார்க்க வந்தவர்களும் குனிந்த தலை நிமிராமல் அதைத்தான் ஆடுகிறார்கள்!) காட்சி அழகுக்காகக் கனமான எஞ்சினை ஏற்றினால், முதலில் விலகுபவர்கள் இவர்களே.

ஆகவே மாற்றமே நிகழாது என்று நான் வாதிடவில்லை. 2023 செப்டம்பர் 12-இல் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் பத்தே நாளில் விதிகளைத் தளர்த்தியது. ஓராண்டில் அத்திட்டத்தையே கைவிட்டது. அப்போது பல சிறு நிறுவனங்கள் வேறு எஞ்சின்களை ஆராய்ந்ததில் பொருள் இருந்தது. செலவுக் கணக்கு மாறியது, முடிவும் மாறியது.

வதந்திக்கு விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ. “எல்லாரும் அன்ரியலுக்குப் போறாங்களாம் சார், பணம் கட்டிச் சேரலாமா?” என்று எங்கள் பகுதி மாணவர் ஒருவர் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைக் காட்டினார். யூனிட்டிக்கு வேண்டிய சி ஷார்ப் மொழியை ஓராண்டாகக் கற்று வருபவர். அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ் வேண்டும். சென்னை, பெங்களூரு கேம் நிறுவனங்களின் கடந்த ஆறு மாத ஆள்தேவை அறிவிப்புகளை எடுத்து, எந்த எஞ்சினைக் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.