மகளை விளையாட்டு விடுதியில் சேர்க்குமுன்



பிழைப்பிற்காக நகரத்திற்கு வந்துவிட்டு, பிள்ளைகளைச் சித்தூரிலோ கொல்லங்கோட்டிலோ வண்டிப்பெரியாற்றிலோ பாட்டியின் பராமரிப்பில் விட்டிருப்போர் நம்மில் பலர் உண்டு. மகள் நன்றாக ஓடுகிறாள், பயிற்சி விடுதியில் சேர்க்கலாமா என்னும் கேள்வி அத்தகைய இல்லங்களில் எழுவது இயல்பே. பாலக்காடும் இடுக்கியும் ஓட்டக்காரிகளை ஈன்ற மண். 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்ற பீனாமோலும், 2010-இல் குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரனும் இடுக்கி மலைக்கிராமத்துப் பெண்கள்.

எந்தப் பயிற்சி மையத்திற்குச் சென்றாலும் முதலில் கோப்பைகள் அடுக்கிய அலமாரியைத்தான் காட்டுவார்கள். அதைக் கண்டு மயங்காதிருங்கள். எத்தனை பிள்ளைகள் முழங்கால் நொந்து, படிப்பும் கெட்டு வீடு திரும்பினார்கள் என்பதை அந்த அலமாரி சொல்லாது.

பாலக்காட்டு முண்டூரைப் பாருங்கள். கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகளான பி.யு. சித்ரா அவ்வூர்ப் பள்ளியில் பயின்று ஓடியவர். 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் ஆசிய தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் அவருடையது. இத்தனைக்கும் 2017-இல் லண்டன் உலகப் போட்டிக்கான இந்திய அணியில் அவர் பெயர் விடுபட்டது. அவர் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். சேர்க்கும்படி நீதிமன்றம் கூறியும் காலம் கடந்துவிட்டபடியால் ஓட இயலவில்லை. ஓடுவது பிள்ளையின் கையில், பெயர் எழுதுவது நிர்வாகத்தின் கையில்!

பெரிய பெயரும் காவலாகாது. 2015 மே மாதம் ஆலப்புழையில், மத்திய அரசின் விளையாட்டு ஆணைய விடுதியில் நான்கு மாணவிகள் விஷக்காயைத் தின்றனர், ஒருத்தி இறந்துபோனாள். மூத்த மாணவிகளின் துன்புறுத்தலே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர்.

ஆகையால், முன்னறிவிப்பின்றி ஒரு மாலைவேளையில் சென்று பாருங்கள். இரவில் பெண் காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா? வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும்போது உடன்வரும் பெண் யார்? காயமுற்ற பிள்ளை ஓடலாமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறாரா, பயிற்சியாளரா? பரிசுத்தொகை யார் கணக்கில் சேருகிறது? வேறு பள்ளிக்கு மாற விரும்பினால் மாற்றுச் சான்றிதழைத் தடையின்றித் தருவார்களா? நல்ல ஓட்டக்காரியை இழக்கப் பள்ளிகளுக்கு மனம் வராது. அவள் பெறும் புள்ளிகள் பள்ளிக்குரியவை அல்லவா? ஞாயிறு காலைப் பயிற்சி உண்டா என்பதையும் சேர்க்கும் முன்னரே பேசிவிடுங்கள். சேர்த்தபின் வாதாடுவதால் பிள்ளைக்கே சங்கடம்.

மகள் நினைத்தபோது உங்களுடன் தனியாகத் தொலைபேசியில் பேசக் கூடுமா என்பதை நான் எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணுகிறேன். பயிற்சியாளர் அருகில் நிற்க, "நலமாயிருக்கிறேன், அம்மா" என்று அவள் சொல்வதை நம்பிவிடலாகாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து விலகிய ஒரு பிள்ளையின் தாயைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். அலமாரியைக் காட்டியவர்கள் சொல்லாததை அவர் சொல்லுவார்.