விண்டோஸ் 11-க்கு மாறினால் பழைய மென்பொருள் ஏன் ஓடாது?

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு அதன் பிறகு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. எனவே பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள்.

உங்கள் குடும்பத்துக் கடையிலோ, நீங்கள் வேலை பார்க்கும் ஆலையிலோ 90-களில் டாஸில் எழுதிய பில்லிங் மென்பொருள் இன்னும் ஓடுதா? அப்படியானால் மாறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புதிய கணினியில் அது திறக்கவே திறக்காது.

எல்லாமே ‘எக்ஸி’ ஃபைல்தானே?

பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. எந்த எக்ஸி ஃபைலும் ‘எம்இசட்’ என்ற இரண்டு எழுத்துகளுடன்தான் தொடங்கும். டாஸ் காலத்தில் இந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது.

அதற்குப் பிறகுதான் தலைமுறை வித்தியாசம் தொடங்குகிறது. டாஸுக்கு ஒரு வடிவம், 16-பிட் விண்டோஸுக்கு இன்னொன்று, 1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் வந்த, இன்றுவரை தொடரும் வடிவம் மூன்றாவது. இந்த மூன்றாவதில், எந்த வகை பிராசஸருக்கான ஃபைல் என்று சொல்லும் குறியீட்டு எண்ணும் உண்டு. விண்டோஸ் முதலில் இதையெல்லாம் சரிபார்க்கும். தனக்குத் தெரியாத வகை என்றால், அங்கேயே நிறுத்திவிடும்.

32-பிட் ஓடுகிறது, 16-பிட் ஏன் ஓடாது?

64-பிட் விண்டோஸுக்குள் 32-பிட் புரோகிராம்களை ஓட்டுவதற்கென்றே ஓர் இடைத்தளம் இருக்கிறது. டாஸ், 16-பிட் புரோகிராம்களுக்கான இடைத்தளம் 32-பிட் விண்டோஸில் மட்டும்தான் இருந்தது. 64-பிட் முறையில் இயங்கும்போது, டாஸ் புரோகிராம்களுக்குத் தேவையான ஒரு வசதியை இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் தருவதில்லை என்பது முக்கியக் காரணம்.

ஆனா, ‘முடியவே முடியாது’ என்பது முழு உண்மையல்ல. 64-பிட் லினக்ஸில் ‘வைன்’ என்ற இலவச மென்பொருள் மூலம் பல 16-பிட் விண்டோஸ் புரோகிராம்கள் ஓடுகின்றன. பழையதைச் சுமந்துகொண்டே போகும் செலவை மைக்ரோசாஃப்ட் ஏற்கவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு கிடைத்தது. விண்டோஸ் 11-ல் அது கிடையாது. அந்தச் செலவு இப்போது சின்னக் கடைக்காரர் தலையில் விழுகிறது.

ரைட் கிளிக் செய்து ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ போட்டால் சரியாகுமா? ஆகாது. பழைய விண்டோஸ்போல நடந்துகொள்ள மட்டுமே அது உதவும். ஃபைலின் வடிவத்தை மாற்றாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், செட்டிங்ஸில் ‘சிஸ்டம் டைப்’ பாருங்கள். 32-பிட் என்றிருந்தால் விண்டோஸ் 11-க்கு நேரடி அப்கிரேடு இல்லை, புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்யணும். அப்போது பேக்கப் எடுக்காத தரவு அழிந்துபோகலாம்.

அடுத்து, எக்ஸி ஃபைலை மட்டுமல்ல, மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய மென்பொருள் என்றால், கணக்கு விவரங்கள் டிபிஎஃப் ஃபைல்களில் இருக்கும். அவற்றை எக்செல், லிப்ரே ஆபீஸ் இரண்டிலுமே திறக்கலாம்.

மென்பொருளே ஓடியாக வேண்டும் என்றால் இரண்டு வழி. டாஸ் புரோகிராமுக்கு ‘டாஸ்பாக்ஸ்’ போதலாம், ஆனால் பிரின்டர் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால், விர்ச்சுவல் மெஷினில் 32-பிட் விண்டோஸை நிறுவி, அதன் இணைய இணைப்பைத் துண்டித்து ஓட்டலாம்.

மென்பொருளைப் பிறகு மறுபடி எழுதிக்கொள்ளலாம். இருபது வருஷக் கணக்கை மறுபடி எழுத முடியாது. பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன், அந்தக் காப்பி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.