பஞ்சப்படிப் புள்ளியும் பங்குமார்க்கெட் புள்ளியும்

குறியீட்டெண் என்ற சொல் மில் தொழிலாளருக்குப் புதிதல்ல. அரிசி, பருப்பு, துணி, வீட்டு வாடகை எவ்வளவு ஏறின என்று கணக்கிட்டு ஓர் எண் போடுகிறார்கள். அந்த எண் இத்தனை புள்ளி ஏறினால் பஞ்சப்படி இவ்வளவு ஏறவேண்டும் என்பது தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை. விவசாயத் தொழிலாளருக்கும் தனியே ஒரு விலைவாசிக் குறியீட்டெண் உண்டு. நூறு நாள் வேலையின் கூலியை அதை வைத்தே உயர்த்தி வந்தார்கள்.

ஆனால் டெலிவிஷனைத் திறந்தால் காதில் விழுவது வேறொரு புள்ளி. 2024 ஜூன் 3ந் தேதி சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது என்றார்கள். மறுநாள் பார்லிமெண்டுத் தேர்தல் முடிவு வந்தது. 4,389 புள்ளி விழுந்தது என்றார்கள். ஒரே நாளில் 31 லட்சம் கோடி ரூபாய் மறைந்துவிட்டதாகப் பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் தொழிலாளர் மனதில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "நம் பி.எப். பணமும் போயிற்றா?" நியாயமான கேள்வி இது. மூடி மறைக்காமல் பதில் சொல்லவேண்டும்.

முதலில், இந்தப் புள்ளி எதன் கணக்கு? மும்பை பங்குமார்க்கெட்டில் பதிவான பல ஆயிரம் கம்பெனிகளில் 30 பெரிய கம்பெனிகளைப் பொறுக்கி, 1978-79ஆம் ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்துப் போடும் கணக்கே சென்செக்ஸ். அந்த 30க்கும் சம எடை கிடையாது. எந்தக் கம்பெனியில் மார்க்கெட்டில் தாராளமாகப் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பு அதிகமோ, அதற்கே எடை அதிகம். நாலைந்து ராட்சசக் கம்பெனிகள் ஏறினால் எண் ஏறிவிடும். அன்றைக்கே உங்கள் கையிலிருக்கும் பங்கு விழுந்திருக்கலாம்.

நொடித்த கம்பெனிக்கு அந்தக் கணக்கில் இடமும் கிடையாது. 2009 ஜனவரி 7ந் தேதி சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கள்ளக் கணக்கு அம்பலமாயிற்று. ஒரே நாளில் அதன் பங்கு விலை நான்கில் மூன்று பாகத்துக்கு மேல் சரிந்தது. உடனே அதைச் சென்செக்சிலிருந்து நீக்கிவிட்டு வேறொரு கம்பெனியைச் சேர்த்தார்கள். எண் பிழைத்துக்கொண்டது. சேமிப்பு முழுவதையும் அந்த ஒரே பங்கில் போட்டவருக்கு மாற்றுப் பங்கு கொடுத்தவர் யார்?

புள்ளி விழுந்தால் பணம் எங்கே போகிறது? பங்கை அன்று விற்றால் கிடைக்கும் விலை குறைந்தது, அவ்வளவுதான். விற்காமல் இருப்பவருக்கு அது காகிதத்தில் எழுதிய நஷ்டம். விற்றே தீரவேண்டியவருக்கு அது நிஜமான நஷ்டம். விஷயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

2008 ஜனவரி 8ந் தேதி சென்செக்ஸ் 20,873. அன்று அந்த எண்ணைப் பின்பற்றும் பண்டில் இரண்டு பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் செல்வந்தர், மற்றவர் மில் தொழிலாளி. அமெரிக்க பாங்குகள் கவிழ்ந்தன. அக்டோபர் 27ந் தேதி எண் 8,509க்கு வந்தது. பத்தாயிரம், சுமார் 4,100 ஆயிற்று. அந்த மாதம் பார்த்துத் தொழிலாளியின் மில் மூடப்பட்டது, அல்லது வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அவர் என்ன செய்வார்? கிடைத்த விலைக்கு விற்பார். 5,900 ரூபாய் போனது போனதுதான். செல்வந்தர் விற்கவில்லை. மலிந்த விலையில் மேலும் வாங்கினார். 2010 நவம்பரில் எண் மறுபடி 21,000த்தைத் தொட்டது. அவருக்குப் போட்ட முதல் திரும்பியது. மலிவில் வாங்கியதோ ஏறக்குறைய இரண்டரை மடங்காயிற்று. ஒரே சரிவு ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்கு அறுவடை! பணம் மட்டுமல்ல, காத்திருக்கும் காலமும் மூலதனம்தான். அந்த மூலதனம் உழைப்பாளியிடம் இல்லை.

முதல் திரும்பியது என்பதும் முழு உண்மையல்ல. அதே காலத்தில் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண் 134லிருந்து 182க்கு ஏறிவிட்டது. முன்பு 10,000 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது 13,500 ரூபாய்க்கு மேல் வேண்டும். ஒரு புள்ளி ஏறி இறங்கி நின்ற இடத்துக்கே வந்தது. மற்றப் புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

இனி பி.எப். விஷயம். தொழிற்சங்கங்களின் ஆட்சேபணையை மீறி, 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேரும் பணத்தில் 100க்கு 5 ரூபாயைக் குறியீட்டெண் பண்டுகளில் போட ஆரம்பித்தார்கள். 2017இல் அதை 15 ஆக்கினார்கள். பெரும்பகுதி இன்னும் கடன் பத்திரங்களில்தான் இருக்கிறது. சென்செக்ஸ் விழுந்த மறுநாள் உங்கள் கணக்கில் வரவு வைத்த தொகை குறைந்துவிடாது, பீதி வேண்டாம். ஆனால் வருஷ வட்டியின்மீது அந்தச் சரிவின் நிழல் விழும். 2020 மார்ச் 23ந் தேதி சென்செக்ஸ் 3,934 புள்ளி விழுந்தது. 2019-20க்கு அறிவித்த வட்டி 8.5 சதவிகிதம். அதில் 8.15 இப்போது, மீதி 0.35 பங்குப் பண்டுகளை விற்ற பிறகு என்று அந்தச் செப்டம்பரில் சொன்னார்கள். பிறகு முழுவதும் கொடுக்கப்பட்டது என்றாலும், தொழிலாளியின் வட்டி மார்க்கெட் வாசலில் காத்து நின்றது உண்மை.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, புள்ளி ஏறுமா இறங்குமா என்று செல்போனிலேயே பந்தயம் கட்டும் ஆப்ஷன் வியாபாரம். பங்குமார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது: 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள், இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது சேமிப்பல்ல, சூதாட்டம்.

ஆகவே தோழர்களே, போனஸ் பணத்தை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். கந்துவட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். அதைவிட நிச்சயமான லாபம் எந்தப் பங்கிலும் இல்லை. ஐந்தாறு வருஷத்துக்குள் கல்யாணத்துக்கோ, படிப்புக்கோ, வைத்தியத்துக்கோ வேண்டிய பணம் பாங்கிலும் தபாலாபீசிலும் இருக்கட்டும். அதற்கு மேலும் மீதமிருந்து பங்கில் போட்டே தீருவேன் என்பவர், ஒரே கம்பெனியை நம்பாமல், பத்து வருஷம் தொடாமல் இருக்க முடிந்த தொகையை மட்டும் போடட்டும்.

பி.எப். நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். பங்குப் பண்டில் எவ்வளவு போட்டீர்கள், எப்போது விற்றீர்கள், நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று சங்கக் கூட்டங்களில் கேளுங்கள். வட்டிக்குச் சர்க்கார் உத்தரவாதம் தரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். மும்பைப் புள்ளியை ஏற்றவோ இறக்கவோ நம்மால் ஆகாது. வியர்வையில் சேர்ந்த பணத்துக்குக் கணக்குக் கேட்க நம்மால் ஆகும்.